சித்தி வீட்டு விலாசம்

“அப்ப தூங்கறது எங்க?”

“இந்தக் கட்டில்லதான் சார். ஜன்னல் பக்கம் தலை வச்சு,” என்றாள் என் அக்கா மகள். கேட்டதைவிட ஒரு வரி கூடுதலாகச் சொல்லிவிட்டாள்.

பள்ளியிலிருந்து வீடு பார்க்க வந்தவர் குனிந்து மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினார். கட்டிலின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. செருப்பு, துண்டு, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்திருந்தோம். பிரஷைக்கூடக் காலையில் நானே நனைத்து வைத்தேன்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியை ஒரு காலத்தில் யாரும் சீண்டியதில்லை. அங்கே சேர்ந்த பிள்ளை உருப்பட்ட மாதிரிதான் என்பார்கள். பிறகு ஒரு தலைமையாசிரியை வந்தார். அவர் கை வைத்த வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் பெரிய கல்லூரிகளுக்குப் போனார்கள். இப்போது வீட்டுத் தரகர்கள் தண்ணீர் வருமா என்பதற்கு முன்னால் பள்ளி எவ்வளவு பக்கம் என்பதைச் சொல்கிறார்கள். கூட்டம் தாங்காமல், இந்தப் பகுதியில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் என்று விதி போட்டார்கள்.

அக்கா வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவள் மகள் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். பள்ளிக்குத் தெரிந்தவரை அவள் சித்தி வீட்டில் வளர்கிறாள். போன மாதம் இப்படிப் பிடிபட்ட இரண்டு பேரை வருஷ நடுவிலேயே அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அக்கா தொலைபேசியில் தினமும் புலம்பினாள். பள்ளி விட்டதும் பிள்ளை என் வீட்டுக்கு வந்து, பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவது என்று ஏற்பாடு. உங்க பொண்ணு ராத்திரியானா எங்க போறா என்று கீழ்வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே கேட்ட நாளிலிருந்து அவள் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மனிதரை இங்கே அனுப்பியது அந்தச் சிரிப்புதான் என்று தோன்றியது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கை கழுவ வேண்டும் என்றார். “லைட்டைப் போடும்மா.”

குளியலறைக் கதவைத் திறந்து, உட்பக்கச் சுவரைத் தடவினாள் பிள்ளை. பிறகு வெளிப்பக்கச் சுவரை. எங்கள் வீட்டில் அந்த சுவிட்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது; வீடு கட்டியவனின் புண்ணியம். ஒரு வாரம் இங்கே இருந்தால் கை தானாக அங்கே போகும். ஆனால் அவள் என் வீட்டில் ஒரு நாளும் இருட்டும்வரை இருந்ததில்லையே. நான் ஓடிப் போய் அழுத்தினேன்.

“பல்பு அப்பப்ப மக்கர் பண்ணும் சார்,” என்றேன். பல்பு சிமிட்டாமல் எரிந்தது.

அவர் வெகுநேரம் கை கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே பிள்ளையிடம் கேட்டார்: “காலைல எத்தனை மணிக்கு எழுந்திருப்பே?”

“அஞ்சு மணிக்கு சார்.”

பள்ளி மணி அடிப்பது எங்கள் வீட்டு ஜன்னலில் கேட்கும்; இங்கிருந்து போக அஞ்சு மணிக்கு எழ வேண்டியதே இல்லை.

“படிக்க,” என்று நான் சேர்த்தேன். “நாங்க எழுப்பலை சார், அவளா எழுந்திருப்பா. இங்கதானே இருக்கா, வேற எங்க போகப் போறா?” சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

அவர் முதல்முறையாகச் சிரித்தார். “அஞ்சு மணிக்கு எழுந்து படிக்கிற பிள்ளைங்கள நான் அதிகம் பாத்ததில்லம்மா. பஸ் பிடிக்கிற பிள்ளைங்களத்தான் பாத்திருக்கேன்.”

பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பதினான்கு வயது. முந்தானை பிடித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அவர் செருப்பை மாட்டினார். அந்தச் செருப்பில் எங்கள் பக்கத்து மண் இல்லை. ஆற்றுப் பாலத்துச் சாம்பல் புழுதி. பிள்ளையின் செருப்பிலிருந்து தினமும் நான் தட்டுகிற அதே புழுதி. கடைசி பஸ் எப்போது என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் பிள்ளை பதில் சொன்னாள், நான் அவள் கையைக் கிள்ளுவதற்குள்.

அவளை உள்ளே அனுப்பிவிட்டு வாசல்வரை போனேன். அவர் படியில் இறங்காமல் நின்றார். கீழ்வீட்டுக் கதவு மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

“என் பொண்ணு அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடம் போகணும்,” என்றார் தணிந்த குரலில். “எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கணக்குக்கு வாத்தியாரே இல்லம்மா.”

அனுதாபம் காட்டக்கூடப் பயமாக இருந்தது. சரி என்றால், விலாசத்தை இரவல் கொடுப்பவள் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அதை வைத்தே நாளைக் காலையில் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடலாம். முடியாது என்றால், சுவிட்ச் தேடிய கையை அவர் மறந்துவிடுவாரா? முகத்தைப் பார்த்தேன். படியில் விளக்கு இல்லை.

“கட்டில் அகலமாத்தான் இருக்கு,” என்றார். “ரெண்டு பிள்ளைங்க படுக்கலாம்னு நானும் சொல்லிக்கிறேன். நீங்களும் சொல்வீங்களாம்மா?”