லிண்டி இன்னும் எறியவில்லை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முன்வரிசையிலிருந்து எடுத்தது.

எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் வடக்கு மூலையில், ஏரிக்காற்று நேராக வந்து மூக்கைப் பிடுங்கும் வரிசை ஒன்றில் எனக்கு வருடச் சந்தா இருக்கை. எனக்கு நேர் முன்னால் பெர்னி என்கிற பெர்னடெட்டும் டேலும். அவர்கள் பேசுவது என் காதில் விழக்கூடாது என்றால் காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் நான் வர வேண்டும்.

எப்படித் தொடங்குவது என்று வெகுநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். முதலில் எழுதியது இது:

பனி கொட்டிக்கொண்டிருந்தது. மைதானம் நிரம்ப ஜனங்கள்—

அடித்துவிட்டேன். இந்த ஊரில் பனி கொட்டியது என்று எழுதுவதும் சோறு வெள்ளையாக இருந்தது என்று எழுதுவதும் ஒன்றுதான். அடுத்தது:

பெர்னடெட் கோவாலிக் தன் முன்னாள் கணவனை எப்போதோ மன்னித்துவிட்டாள், ஆனால்—

இது பொய். டேல் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேறு யார் பின்னாலும் போகவில்லை. மன்னிப்பதற்கு அவனிடம் ஒன்றுமே இல்லை என்பதுதான் அவளுடைய தொல்லை. மூன்றாவது:

விவாகரத்தில் வீடு அவளுக்கு, படகு அவனுக்கு, நாய் அவளுக்கு. மைதானத்து இருக்கைகளை மட்டும் இருவருமே விடவில்லை.

இது நிற்கும். இங்கிருந்தே போகலாம்.

2

பக்கத்துப் பக்கத்து இருக்கைகள். ஒருமுறை விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது. இங்கே பிள்ளை பிறந்ததும் முதல் வேலையாகச் சந்தாவுக்குக் காத்திருப்போர் வரிசையில் அதன் பெயரைச் சேர்க்கிறவர்கள் உண்டு. நீதிபதி அம்மாள் "யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தாராம். பிறகு அவரே பெருமூச்சுவிட்டு, ஆளுக்கு ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரும் நம் அணிக்காரர்தான், அவருக்குத் தெரியாதா.

ஆக, பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் ஒன்பது வருடமாக, இலையுதிர் காலம் வந்தால், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு விதி: பேச்சு பந்தைத் தாண்டக்கூடாது. உடம்பு எப்படியிருக்கிறது என்றுகூடக் கேட்பதில்லை. ஆனால் டேல் குளிருக்கு, போட்டு உட்கார, இரண்டு சின்ன மெத்தை கொண்டுவருவான். பெர்னி பிளாஸ்கில் சூப் கொண்டுவருவாள், அதோடு இரண்டு குவளை. இரண்டாவது குவளை யாருக்கு என்று அவளும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

(ஒரு சங்கடம். இவர்கள் மொழியில் நீ, நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். தமிழில் எழுதும்போது நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. முதல் பிரதியில் 'நீங்க' போட்டேன். சம்பந்திகள் பேசிக்கொள்வது போல இருந்தது. 'நீ' என்றே வைத்துவிட்டேன். ஒரு நீதிமன்றம் பிரித்து வைத்ததை நான் சேர்த்து வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.)

3

இப்போது லிண்டி.

முழுப்பெயர் பிரெட் லின்டால். நான்கு வருடம் நம்முடைய குவாட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்கு வரும். எதிரணித் தடியர்கள் ஓடிவந்து அவனைக் கவிழ்ப்பதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து எறிய வேண்டும். அவனுக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்க முன்னால் ஐந்து பேர் காவல் நிற்பார்கள். வேலை அவ்வளவுதான். லிண்டியோ பந்தை வாங்கிக்கொண்டு, கறிக்கடையில் எந்தத் துண்டு வேண்டும் என்று முடிவுசெய்ய முடியாதவன் மாதிரி நிற்பான். அடுத்த கணம் அவன்மேல் நான்கு பேர் கிடப்பார்கள். போன வசந்தத்தில் நம் நிர்வாகம் அவனை ஒரு பாலைவன ஊர் அணிக்குத் தள்ளிவிட்டது. கண்ணீர் விட்டவர்கள் யாரும் இல்லை, டேலைத் தவிர.

செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு முன்னால், வண்டி நிறுத்துமிடத்தில், கஸ் ஃபெடர்சாக்கின் வேனுக்குப் பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது; ஆட்டத்துக்கு முன் அங்கே கூடிச் சுட்டுத் தின்பது எங்கள் வழக்கம். கஸ் எங்கள் வரிசைக் கோடியில் உட்காருபவன். வயிறும் மனசும் பெரியது, வாய் அதைவிடப் பெரியது.

"அங்க போய் மட்டும் என்னத்தக் கிழிச்சிடப் போறான்?" என்றாள் பெர்னி. "அதே கை, அதே மண்டை. விமானத்துல ஏறி இறங்கினா புதுசா முளைச்சிடுமா?"

"இங்க அவனுக்கு யாரு நேரம் குடுத்தா?" என்றான் டேல். "காவலுக்கு நின்ன அஞ்சு பேரும் எதிராளிக்கு வாசக்கதவைத் திறந்துவிட்டுட்டு நின்னாங்க."

"நேரம் குடுத்தப்பவும் நின்னுக்கிட்டுதான இருந்தான்? நான் பாக்கலையா?"

"யோசிச்சான்."

"நல்லா யோசிச்சான்! அவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள சனங்க வீட்டுக்குப் போயி பல்லு வெளக்கிப் படுத்தாச்சு."

"மைதானமே எந்திரிச்சு நின்னு 'எறிடா எறிடா'ன்னு கத்தினா எவனுக்கு யோசனை ஓடும்? அதுலயும் உன் தொண்டை தனியா கேக்கும்."

"கேக்கட்டும்! யாராவது சொல்லணும்ல?"

"அட நிறுத்துங்கப்பா," என்றான் கஸ். "சாசேஜ் கருகுது. விட்டுட்டுப் போன பயலுக்கு இவ்வளவு சண்டையா?"

டேல் சாசேஜைத் திருப்பிப்போட்டான். திருப்பிப் போட்டபடியே, அடுப்பிடம் சொல்வதுபோல், "சீசன் முடிஞ்சதும் நானும் போறேன் பெர்னி," என்றான். "கான்னியோட. கல்யாணம் பண்ணிக்கிறோம். அவ வீடு அங்க பாலைவனப் பக்கம்."

ஒன்பது வருடத்தில் முதல்முறையாகப் பேச்சு பந்தைத் தாண்டியது.

"எப்ப முடிவு பண்ணின?"

"கோடையில."

"எந்தக் கோடை?"

"இந்தக் கோடைதான்."

பெர்னி தலையாட்டினாள். கடுகுச் சாந்து எங்கே என்று கஸ்ஸிடம் கேட்டாள். அது அவள் கையிலேயே இருந்தது.

* லிண்டியும் டேலும் ஒரே மாநிலத்துக்குப் போவது கொஞ்சம் அதிகம் என்று எனக்கும் தெரிகிறது. நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயந்து, இரண்டாம் பிரதியில் டேலை ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினேன். அங்கே அவன் புழுக்கத்தில் அவிந்து, கதையைவிட்டே எழுந்து போய்விடுவான் போலிருந்தது. திரும்பக் கூட்டிவந்துவிட்டேன். வாழ்க்கை இப்படி வெட்கமில்லாமல் ஜோடி சேர்த்தால் நான் என்ன செய்வது?

4

'இந்தக் கோடைதான்' என்ற சொல் பெர்னியை ஏன் அப்படிக் குத்தியது என்று சொல்ல வேண்டும்.

அவளைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்க டேலுக்கு நான்கு வருடம் ஆனது. கடைசியில் அவள்தான் கேட்டாள். சமையலறைக்கு வண்ணம் பூச முடிவானபோது, வண்ணச் சீட்டுகளை ஜன்னலோரம் ஒட்டி, காலையில் ஒரு பார்வை, மாலையில் ஒரு பார்வை என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பெர்னி கடைக்குப் போய் வெள்ளையை வாங்கிவந்து, தானே பூசி முடித்துவிட்டாள். "எது வேணும்னு சொல்லு டேல்" என்பாள். அவன் வாயைத் திறப்பான். அது பாதி திறப்பதற்குள், "சரி விடு, நானே பாத்துக்கறேன்" என்பாள். வீடு, வண்டி, நாயின் பெயர் எல்லாம் அவள் முடிவு. விவாகரத்தும் அவள் முடிவுதான். அதற்கும் அவன் வாயைத் திறந்தான்.

(டேலை இங்கே மந்தமானவனாக எழுதிவிட்டேனோ? அவன் பள்ளிகளில் பியானோ சுதி சேர்ப்பவன். ஒரு கம்பியைக் கால்மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் திருகுவான். தொழிலில் அது பொறுமை, வீட்டில் அதற்கு வேறு பெயர். இதைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன்.)

அப்படிப்பட்டவன் கான்னி விஷயத்தில் ஒரே கோடையில் முடிவெடுத்துவிட்டான்.

லிண்டியும் சும்மா இருக்கவில்லை. புது அணியில் முதல் இரண்டு ஆட்டம் சொதப்பினான். பெர்னி அந்த வாரமெல்லாம் பாட்டு முணுமுணுத்தாள். அக்டோபரில் அவன் தேற ஆரம்பித்தான். பந்து கைக்கு வந்ததும் பறந்தது. தொலைக்காட்சியில் சிரித்தான், அவனுக்குப் பல் இருப்பதே அன்றைக்குத்தான் இந்த ஊருக்குத் தெரிந்தது.

"நாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயிச்சிட்டானாம்," என்றான் டேல், அடுப்பருகே.

"அதிர்ஷ்டம்," என்றாள் பெர்னி. "அங்க வெயில். காத்து கிடையாது. என் நாயக் கொண்டுபோய் நிறுத்தினாக்கூட எறியும்."

"அதெல்லாம் இல்ல," என்றான் கஸ், வாய் நிறைய ரொட்டியோடு. "இங்க ஆடாதவன் அங்க ஆடறான்னா என்ன அர்த்தம்? தப்பு அவன்மேல இல்ல, நம்ம மேலன்னு அர்த்தம். இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு? அந்த உப்பை எடு."

பெர்னி உப்பை எடுத்துக் கொடுத்தாள். அன்றைய ஆட்டம் முழுவதும் அவள் ஒருமுறைகூடக் கத்தவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது. இவள் குரல் இல்லாவிட்டால் எங்கள் வரிசைக்கே சளி பிடித்தது போல இருக்கும்.

5

டிசம்பர். சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம். எதிரணியோடு லிண்டி வருகிறான். டேலுக்கு இந்த இருக்கையில் இதுவே கடைசி.

இடைவேளையில் பெர்னி சூப் ஊற்றி, இரண்டாவது குவளையை நீட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும். பந்து சம்பந்தம் இல்ல."

"விதி இருக்கே."

"விதி இன்னியோட முடியுது."

"சரி, கேளு."

"லிண்டி அங்க நல்லா இருக்கான். நீயும் அங்க போய் நல்லா இருக்கப்போற. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." அவள் சூப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்ப இத்தனை வருஷமும் நான்தானா டேல்? நான் உனக்கு நேரமே குடுக்கலையா?"

பார்த்தீர்களா. குவாட்டர்பேக் யார், புது அணி யார் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் மூன்று பிரதிகளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். தேங்காயை உடைப்பதுபோல் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அவள் அப்படித்தான். அதனால்தான் எனக்கு அவளை இவ்வளவு பிடிக்கிறது.

டேல் வாயைத் திறந்தான். பெர்னியின் உதடு அசைந்தது. 'சரி விடு' என்பது அங்கே வந்து நின்றதை நான் பக்கவாட்டில் பார்த்தேன். அவள் சூப்பை ஒரு வாய் குடித்து அதை உள்ளே தள்ளிவிட்டாள்.

டேல் வாயை மூடிக்கொண்டான். ஆட்டம் மறுபடி தொடங்கியது. அவன் குவளையில் சூப் ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது.

6

டேல் சார்பில் நான் எழுதிப் பார்த்த பதில்கள்:

"இல்ல பெர்னி. நான் எங்க இருந்தாலும் இப்படித்தான்." ரொம்ப நல்ல பதில். ஆனால் அந்தக் கோடை இருக்கிறதே; அவள் ஒரு நொடியில் பொய்யைப் பிடித்துவிடுவாள்.

"ஆமா." இதை எழுதிவிட்டு, பெர்னியின் முகத்தைக் கற்பனை செய்துபார்த்து, பேனாவைத் தூர வைத்தேன். டேல் இவ்வளவு கொடூரமானவன் இல்லை, நானும் இல்லை.

"யார் மேலயும் தப்பில்ல, ஜோடி சேரல, அவ்வளவுதான்." வாழ்த்து அட்டையில் போடலாம்.

"நான் கான்னிகிட்ட சட்டுனு சொல்லக் கத்துக்கிட்டதே, உன்கிட்ட சொல்லாம விட்டதாலதான், அதனால—" இது கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் டேல் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பாதியில் விட்டுவிட்டேன்.

7

ஆட்டத்தின் கடைசித் துண்டு, இன்னும் ஒரே ஒரு எறிதல். நாம் நான்கு புள்ளி முன்னால். பந்து லிண்டியிடம் வரப்போகிறது. எதிராளி கையில் பந்து இருக்கும்போது அவன் காது அடைக்கக் கத்த வேண்டும் என்பது இங்கே பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும். மைதானம் முழுக்க எழுந்து நின்று அலறியது. கஸ் அலறி அலறிச் சிவந்துபோனான்.

பெர்னியும் எழுந்து நின்றாள். அவளுடைய வலது கையைப் பல வருடமாகப் பின்னாலிருந்து எனக்குத் தெரியும். தலைக்குமேல் உயர்ந்து, ஈ விரட்டுவது போல 'எறி, எறி' என்று சுண்டும்.

இந்த முறை அந்தக் கை மேலே போகவில்லை. முன்னால் நீண்டது. உள்ளங்கை தரையைப் பார்த்தபடி, மிரண்ட நாயை அமர்த்துவது போல, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே அழுந்தியது. அவள் ஏதோ சொன்னாள். அந்த இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. 'பொறு' என்று எழுதப்போகிறேன். அந்தச் சொல் என்னுடையது, கை அவளுடையது. எதிரணிக்காரனுக்கு! கஸ் பார்த்திருந்தால் அன்றோடு சிநேகிதம் முறிந்திருக்கும்.

லிண்டி பந்தை வாங்கிப் பின்னால் வந்தான். காவலர்கள் ஐவரும் பிடித்து நின்றார்கள். அவன் பார்த்தான். இன்னும் பார்த்தான். கறிக்கடை வாசலில் நிற்கிற அதே பழைய லிண்டியாகவே நின்றான்.

டேல் அவனைப் பார்க்கவில்லை. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது டேல் கண்ணை எடுத்து நான் கண்டதே இல்லை. இப்போது அவன் பெர்னியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அழுந்தியபடியே இருந்தது. அவன் வாயைத் திறந்தான்.

அந்தப் பந்து எங்கே போனது என்பது ஊருக்கே தெரியும். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டேல் என்ன சொன்னான் என்று கேட்பீர்கள். இந்த இடத்தில் ஒரு பதிலை எழுதி அவன் வாயில் வைத்தேன் என்றால், கடைக்குப் போய் வெள்ளையை வாங்கிவந்து பூசிவிட்டவன் ஆவேன் நானும். அவள் அதை நிறுத்திவிட்டாள், நான் தொடங்கக்கூடாது.

உங்களுக்கு அவசரமாக இருக்கிறது, எனக்கும்தான். வேண்டுமானால் என் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அங்கிருந்து நன்றாகத் தெரியும். கத்த மட்டும் கத்தாதீர்கள். அவன் யோசிக்கிறான்.