திரும்புகிற பாதி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் மட்டன் குழம்புச் சாப்பாடும் முடிந்தால் அசரியா வீட்டில் அடுத்தது நடை. யாரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். ராஜகீழ்ப்பாக்கத்து மத்தியான வெயிலில் நடந்தால் தார் செருப்போடு எழுந்து வரும். அசரியா கைப்பேசியை டிவியோடு இணைப்பார். அவர் மனைவி மெட்டில்டா முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு சோபாவில் கால் நீட்டுவாள். இங்கிலாந்தில் அப்போது காலை. மகள் அபிகாயில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு தன் கிராமத்தைச் சுற்றி நடக்கக் கிளம்புவாள். அவள் கையிலிருக்கும் போன் வழியாக அப்பாவும் அம்மாவும் கூடவே நடப்பார்கள்.

சிரமமில்லாத நடைதான். கல்லால் கட்டிய பழைய தேவாலயத்தில் தொடங்கி, கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, ஓடையோரமாகப் போய், ஆடு மேயும் புல்வெளிகளுக்குள் புகுந்து, ஒரு சின்னக் காட்டின் முனையில் திரும்பி, வேறு வழியாக அதே தேவாலயத்துக்கு வந்து சேரும் வட்டப் பாதை. வழிநெடுக மரக்கம்பங்களில் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். நிலம் ஒருவருடையது, அதன் நடுவே போகும் பாதை எல்லோருடையது என்பது அந்த நாட்டு வழக்கம்.

"அடுத்தவன் பட்டா நிலத்துக்குள்ள பூந்து போறியே, எவனாவது கேக்க மாட்டானா?" என்று முதல் நாள் அசரியா பதறினார்.

"கேக்க மாட்டாங்கப்பா. கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போனாத்தான் கத்துவாங்க. ஆடெல்லாம் ரோட்டுக்கு வந்துடும்ல."

அந்தக் கேட்டில்தான் அசரியாவின் நிம்மதி போயிற்று.

ரயில்வேயில் போக்குவரத்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தக் கேட்டும் தானாகத் திறக்காது, பின்னால் ஒரு ஆள் இருப்பான் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். டிவியிலோ கேட்டுகள் தானாகத் திறந்தன. அபிகாயில் பேசிக்கொண்டே போவாள், படம் துளி ஆடாது, மரக்கேட் மரியாதையாக விலகி வழிவிடும். அவள் கடந்து சற்று தூரம் போனதும் பின்னால் 'டக்' என்று கொண்டி விழும் சத்தம்.

சில வேலிகளுக்குக் கேட் கிடையாது. குறுக்கே இரண்டு பலகைப் படிகள்தான். ஆள் ஏறித் தாண்டலாம், ஆடு தாண்டாது. அந்த இடம் வந்ததும் அபிகாயில், "ஒரு நிமிஷம்மா" என்பாள். படம் ஒரு சுற்று சுற்றும். அடுத்த கணம், வேலியின் மறுபக்கத்திலிருந்து எடுத்ததுபோல் அவள் முழு உருவமும் டிவியில் நிற்கும். ஈரத் தலைமுடி, சிவந்த மூக்கு, பலகை மேல் தடுமாறும் பூட்ஸ் கால். தாண்டும்போது அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அம்மாவுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. போனைப் பிடித்திருப்பவருக்கு.

மெட்டில்டா அந்த நொடிகளுக்காகத்தான் வாரம் பூராவும் காத்திருப்பாள். "எப்படி வச்சிருக்கான் பாருங்க எம் பொண்ண" என்று ஒரு தரம் அவள் முணுமுணுத்தபோது அசரியா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஆள் யாரென்று இருவருக்கும் தெரியும். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மின்சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக்கின் மகன் முதாசிர். பொத்தேரிக் கல்லூரியில் படித்த காலத்துப் பழக்கம். போன வருடம் இங்கிலாந்திலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அபிகாயில் போனில் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அசரியாவும் கத்தவில்லை. அவருடைய தாத்தாவின் பெயர் சபையின் மூலைக்கல்லில் வெட்டியிருக்கிறது. அவர் சபைக் கமிட்டிச் செயலாளர். வீட்டில் சத்தம் போட்டுப் பழக்கமில்லாத குடும்பம்.

"நீ பேசு, நட, எல்லாத்தையும் காட்டு. உங்கம்மாவுக்கு நீ வேணும். ஆனா அவன் மட்டும் படத்துல வரக்கூடாது. நாலு பேர் வந்து போற வீடு" என்று மட்டும் சொன்னார்.

"சரிப்பா" என்றாள் அபிகாயில்.

அந்த வாரமே ரசாக் இனிப்புப் பெட்டியோடு வந்திருந்தார். அசரியா வாசல் கேட்டைத் திறக்காமலே, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசி அனுப்பினார். இனிப்பு ரசாக்கோடு திரும்பிப் போயிற்று.

அதற்குப் பிறகும் ரசாக் கண்டால் சலாம் வைப்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் காலை ஏரிக்கரை மேல் எதிரே வந்தவர் ஒதுங்கி வழிவிட்டு, சிரித்தபடி சொன்னார்: "சார், ஞாயித்துக்கெயம நடைய எங்க வூட்லயும் பாக்கறோம். போற பாதி உங்களுக்கு, திரும்பற பாதி எங்களுக்கு. எங்க பாதில ரெண்டு பேரும் ஜோடியா வர்றாங்க. சார் வூட்டு பாதில நீ இன்னாடா பண்றேன்னு கேட்டேன். 'கேட்டு தொறக்கறேன் அத்தா'ன்னு சொல்றான்!"

குத்திக்காட்டவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். அசரியாவோ, வெயில் ஏறுகிறது என்று ஏதோ சொல்லிவிட்டு நடையை எட்டிப்போட்டார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அசரியாவின் அண்ணன் வேதசிரோமணி ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தார். குடும்பத்துக்கு மூத்தவர், எண்பதைத் தொட்டும் முதுகு வளையாதவர். கூடவே அண்ணி ஜெயக்கொடி. வந்த காரியம் அபிகாயிலுக்கு வரன். சிறுசேரியில் வேலை பார்க்கும் பையன், மனைவியை இழந்தவன், நல்ல சபைக் குடும்பம்.

"பொண்ணு ஒத்தையா அங்கன கிடக்கு. நீயும் வாயத் தொறக்க மாட்டேங்க" என்று அண்ணன் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"பாப்போம்ண்ணே" என்றார் அசரியா. மெட்டில்டா அவரைப் பார்த்தாள். அவர் அப்பளத்தைப் பார்த்தார்.

நடை தொடங்கியது. ஜெயக்கொடி வாயைப் பிளந்தாள். "ஆடெல்லாம் குளிச்சிட்டு வந்தாப்பல இருக்கே!"

"நம்ம சபை கமிட்டிய விட ஒழுங்கா வரிசையில போகுது" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அசரியாவும் சிரித்தார், கேட் வந்ததும் சிரிப்பு நின்றது. கேட் திறந்தது. அண்ணன் கவனிக்கவில்லை.

முந்தின நாள் அங்கே மழை. வேலிப் பலகை வழுக்கிக் கிடந்தது. "ஒரு நிமிஷம்மா" என்று அபிகாயில் போனை நீட்டியவள், கை மாறுவதற்குள் சறுக்கினாள். ஒரு அலறல். நீலக் கோட்டுக் கை ஒன்று பாய்ந்து அவளைப் பிடித்தது. போன் புல்லில் மல்லாந்து விழுந்து சாம்பல் வானத்தைக் காட்டியது. பிறகு வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு முகம் குனிந்தது. தாடி, பயந்த கண்கள். திரையில் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவன் செய்ததைத்தான் அசரியாவால் பிறகு மறக்க முடியவில்லை. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளங்கையால் கேமராவை மூடினான். அவரிடம் ஒரு வார்த்தை பேசாமலே, அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

டிவி இருண்டது. விரலிடுக்கில் மட்டும் சிவப்பாக வெளிச்சம்.

"யாருலே அது?" என்றார் அண்ணன்.

அசரியா தொண்டையைச் செருமினார். "யாரோ வழியில போறவங்க. எனக்குத் தெரியாதுண்ணே."

இங்கே பேசுவது அங்கே கேட்கும். கேட்டிருந்தது. இருட்டுக்குள்ளிருந்து அபிகாயிலின் குரல் வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அப்புறம் கூப்பிடறேன்."

அண்ணனும் அண்ணியும் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வரனின் போட்டோ மேஜை மேல் இருந்தது. மெட்டில்டா டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகிற வழியில் நின்றாள்.

"தெரியாதுன்னு சொல்லியாச்சு. இனி கோழி கூவறதுதான் பாக்கி" என்றாள்.

எத்தனையோ துக்க வெள்ளிகளில் வேதப்பகுதி வாசித்தவர் அசரியா. கோழி கூவுமுன் சீடன் ஆண்டவரைத் தெரியாதென்று மறுத்த அந்த முற்றத்துக் கதையைக் குரல் நடுங்காமல் வாசிப்பார் என்று பெயர். அந்த வாரம் முழுக்க, கண்ணை மூடினால் அந்த உள்ளங்கை வந்து நின்றது.

அடுத்த ஞாயிறு அழைப்பு வந்தது. வராது என்று பயந்திருந்தவர் அவசரமாக டிவியை இணைத்தார். தேவாலயம், கல்லறைத் தோட்டம், ஓடை, எல்லாம் இருந்தன. படம் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. முதல் கேட் வந்தது. திறக்கவில்லை. அபிகாயில் போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். டிவி முழுக்கக் கோட்டுத் துணி. கொண்டியோடு மல்லுக்கட்டும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம். பிறகு மறுபடியும் புல். வேலிப் படி வந்தபோது போன் பாக்கெட்டுக்குள் போயிற்று. இருட்டு. அவள் ஏறினாள், இறங்கினாள். முகம் தெரியவில்லை.

"தம்பி வரலியாம்மா?" என்றாள் மெட்டில்டா. அந்த வீட்டில் அவனைப் பற்றி ஒருவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அபிகாயில் நடந்தபடியே சொன்னாள்.

"இல்லம்மா. 'நான் கூட வந்தா உங்கப்பா பொய் சொல்ல வேண்டியதா இருக்கு, அவர் வயசுக்கு அது வேணாம்'னு சொல்லிட்டாரு. காட்டு முனையில நிக்கறாரு. திரும்பற பாதிக்கு வருவாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அசரியா தாங்கியிருப்பார். கோபத்துக்கு அவரிடம் விறைத்த முதுகு இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

காட்டின் முனை தூரத்தில் தெரிந்ததும் அபிகாயில், "வச்சிடறேன்மா" என்று துண்டித்தாள். அசரியா எழுந்து, காலையில் கழற்றிய வெள்ளைச் சட்டையை மறுபடி மாட்டினார்.

"செருப்பைப் போடு, மெட்டில்டா."

"இந்த வெயில்லயா? எங்க?"

"மீதிப் பாதியப் பாக்க."

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். ரசாக் வீடு கூப்பிடு தூரம்தான், ஆனால் அவள் முட்டிக்கு அதுவே மலை. நடைபாதை என்று ஒன்று கிடையாது. இருப்பதன் மேல் பைக்குகள், ஜல்லிக் குவியல், தோண்டிப் போட்ட குழி. ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து மெதுவாக ஓட்டினான். "இன்னா பெரீவரே, அம்மாவ இந்த வெய்யில்ல நடக்க வுட்டுகினு போறியே. ஏறு, எறக்கி வுடறேன்."

"வேணாம்ப்பா. எம் பொண்ணு இதவிட தூரம் நடக்கறா" என்றாள் மெட்டில்டா, கணவரின் தோளைப் பிடித்தபடி.

பாதி வழியில் போன் அடித்தது. அண்ணன்.

"சிறுசேரிக்காரங்க கேக்காங்கடே. என்ன சொல்ல?"

அசரியா மூடிக் கிடந்த ஒரு கடையின் நிழலில் நின்றார். சபைக்குப் போகிற வழி அது. தெரிந்தவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் கும்பிட்டார். இவர் கும்பிடவில்லை.

"பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிடுச்சுண்ணே. போன வருஷமே. நான்தான் மறச்சேன்."

"என்னது?"

"அன்னிக்குப் பாத்தீங்கள்ல, வழியில போறவன்னு சொன்னேனே. அவன்தான் என் மருமகன்."

"எந்தச் சபை?"

"சபை இல்லண்ணே. நம்ம ரசாக் பாய் மகன்."

அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அசரியா போனைப் பையில் போட்டுக்கொண்டார். இனி அண்ணன் அந்த எண்ணிலிருந்து கூப்பிடுவாரா என்று அவருக்குத் தெரியாது.

ரசாக் கதவைத் திறந்தவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒருகணம் நின்றார், பிறகு இரண்டு கதவையும் அகலத் திறந்தார். "வாங்க சார். வாங்கம்மா. அக்தர், யார் வந்துகிறாங்க பாரு!" அவர் மனைவி அக்தர் பேகம் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வந்து, மெட்டில்டாவின் கையைப் பிடித்து மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தாள்.

டிவியில் அதே பசும்புல், அதே ஆடுகள். ஆனால் படம் ஆடவில்லை. முதாசிர் கையை நீட்டிப் பிடித்திருந்த போனில் இரண்டு பேரும் சேர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். அபிகாயில் ஏதோ சொல்ல, அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். இப்படிச் சிரிக்கிறவன் என்பதே அசரியாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"டேய் முதாசிர், யாரு வந்துகிறாங்கன்னு பாருடா" என்று ரசாக் தன் போனைத் திருப்பினார்.

முதாசிர் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. போனை அபிகாயில் கையில் திணித்துவிட்டு ஒரே எட்டில் படத்துக்கு வெளியே போனான். யாரும் சொல்லவில்லை. பழகிவிட்டது. திரையில் அபிகாயிலும், அவள் பக்கத்தில் ஆள் இல்லாத இடமும் மட்டும் இருந்தன.

அசரியா வழியெல்லாம் கோத்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"தம்பி" என்றார் கடைசியில். "பின்னால கேட்டை மூடினியா?"

"மூடிட்டேன் அங்கிள்." குரல் மட்டும் வந்தது.

"அடுத்த கேட்டை அவ பிடிக்கட்டும். நீ முன்னால வா."

அபிகாயில் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தாள். படத்துக்கு வெளியே ஒரு பக்கம் திரும்பி, தலையசைத்து அழைத்தாள். அவன் உடனே வந்துவிடவில்லை. சிறிது நேரம் கழித்து, திரையின் ஓரத்தில் நீலக் கோட்டின் தோள் ஒன்று தெரிந்தது. தோள் மட்டும். முகத்தையும் காட்டு என்று கேட்க அசரியாவுக்கு வாய் எழவில்லை. தேவாலயக் கோபுரம் தெரியும் வரை அந்தத் தோள் அங்கேயே, அவள் நடைக்கு ஈடாக, கூடவே வந்தது.