நாற்பதாவது தலை

விடியும் முன்னே தெருவில் தறி நூலைப் பாவாக விரிக்க முதல் ஆளாக வருகிறவள் முத்தாயம்மாள். அன்றைக்கும் பாவுக்கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடிக்கு வந்தபோது, சின்னாயி தன் வீட்டு வாசல்நிலையில் செருகியிருந்த வேப்பங்கொத்தை உருவிக்கொண்டிருந்தாள். இலை இன்னும் வாடவில்லை. முந்தின நாள் இருட்டிய பிறகு செருகியதாக இருக்க வேண்டும். சின்னாயி கொத்தை மடியில் சுருட்டிக்கொண்டு திரும்பினாள். வேப்பிலை செருகிய வீட்டில் அம்மை இறங்கியிருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலை விட்டு ஒதுங்கிப் போவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பும் முன்பே ஒருத்தி கொத்தை எடுத்ததை முத்தாயம்மாள் இதுவரை பார்த்ததில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே இருந்த அந்தத் தறிக்காரர் ஊருக்கு ஒரே ஒரு பள்ளிக்கூடம், அருணகிரி என்று ஒரே ஒரு வாத்தியார். கூரை வேய்ந்தது ஊர், சுவர் வைத்தது ஊர். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு பிடி ராகி பள்ளிக்கூடத்துக் கலயத்தில் விழும். வாத்தியார் அதில்தான் சாப்பிட்டார். நாற்பது பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை எடுத்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. தினமும் வருவது இருபத்தாறு. அதனால் தறிக்காரர்களில் பெரியவரான அர்த்தநாரி ஒரு வாரமாக வீடு வீடாக ஏறி, ஒரு நாளைக்குப் பிள்ளையை இரவல் கேட்டுக்கொண்டிருந்தார். தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றுகிற பிள்ளை, ஆடு மேய்க்கிற பிள்ளை, யாராக இருந்தாலும் சரி, சட்டை போட்டு உட்கார்ந்தால் போதும். நொண்டி ரங்கன் மட்டும், "நான் வேணாச் சவரம் பண்ணிக்கிட்டு வந்து உக்காரட்டுங்களா? எனக்கும் அ, ஆ தெரியாது" என்றான். முந்தின நாள் சாயங்காலம் அர்த்தநாரியின் விரல்களில் சரியாக நாற்பது இருந்தது. அதில் சின்னாயி மகள் மாரக்காளும் ஒன்று.

"எத்தனை நாளாச்சு?" என்றாள் முத்தாயம்மாள்.

"காச்சல் மூணு நாளுங்க அக்கா. நேத்துத்தான் முத்துப் போட்டுச்சு. நெத்தியில நாலு, கழுத்துல கொஞ்சம். சின்ன ஆத்தாதானுங்க, உசுரு எடுக்கற பெரியவ இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சின்னாயி மடியை இறுக்கிக்கொண்டாள். "எம் புள்ள போகலீனா முப்பத்தொம்பதுங்க அக்கா. எம் ஊட்டுக்காரரு செத்த பொறவு மூணு மாசம் அந்தப் பள்ளிக்கூடத்துக் கலயந்தான எங்க ரெண்டு பேருக்கும் கஞ்சி ஊத்துச்சு. இன்னைக்கு மாட்டேன்னு எந்த வாயில சொல்லுவேன்? ஒரு நேரம் உக்காந்துட்டு வந்தரட்டும். கழுத்து மூடுறாப்ல சட்டை இருந்தாக் குடுங்க."

முத்தாயம்மாளுக்கு அர்த்தநாரி வீட்டுக்குப் போய்ச் சொல்ல நாற்பது எட்டு நடந்தால் போதும். கட்டைகளைக் கீழே இறக்கிவைத்தாள். தோள் எரிந்தது. பத்து வயதிலிருந்து பாவு சுமந்த தோள் அது, வலது பக்கம் இறங்கிவிட்டது. மகள் ராசாத்திக்கு எட்டு வயது. தெருவில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவள்போல ஓடிவிடுவாள். பள்ளிக்கூடம் எடுபட்டால் மறுநாள் காலையில் அவள் யாருடைய தறிக்கு முன்னால் உட்கார்ந்து தார் சுற்றுவாள் என்று முத்தாயம்மாளுக்குத் தெரியும். அந்தத் தறிக்காரர் ஏற்கெனவே கேட்டும் வைத்திருந்தார்.

வீட்டுக்குப் போய் ராசாத்தியின் பொங்கல் சட்டையை எடுத்து வந்தாள். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பித்தான்.

பள்ளிக்கூடம் தெருவைப் பார்த்திருந்ததால் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. இன்ஸ்பெக்டர் மாட்டுவண்டியில் வந்தார். தலைகளை இரண்டு முறை எண்ணினார். ஆடு மேய்க்கிற பையன் பெயர் கேட்டதற்குத் தன் கிடாயின் பெயரைச் சொன்னான், வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. பெண்பிள்ளைகள் இரண்டே பேர் என்பதால் ராசாத்தியும் மாரக்காளும் ஒரே தடுக்கில் உட்கார்ந்திருந்தார்கள். மாரக்காள் நெற்றி முழுக்கப் பட்டை பட்டையாகத் திருநீறு. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துச் சிரித்து, பக்தியுள்ள பிள்ளை என்றார். அவளுக்குத் தலை நிற்கவில்லை. ராசாத்தி தன் தோளைக் கொடுத்து அவளை நிமிர்த்தி வைத்திருந்தாள். நடுவில் எழுந்து போய்ப் பானையிலிருந்து தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடித்து வைத்த மிச்சத்தைத் தானும் குடித்தாள். குவளை அப்படியே அடுத்த வரிசைக்குப் போயிற்று. முத்தாயம்மாளின் கையிலிருந்த, கஞ்சி தடவும் குஞ்சம் ஒரே இடத்தில் தேய்த்து நூலை அறுத்தது.

போன வருஷம் சர்க்காரிலிருந்து தடுப்பு அம்மை குத்துகிறவன் ஊருக்குள் வந்தபோது, ஆத்தாளுக்கு ஆகாது என்று தெருவே பிள்ளைகளை ஒளித்தது. ராசாத்தியைத் தறிக்குழிக்குள் இறக்கி, மேலே சேலையைப் போட்டு மூடியது முத்தாயம்மாள்தான். அவன் போகிறவரை தறியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். குழிக்குள் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் நிலைத்தது. அர்த்தநாரி தெருவுக்கே பொரிகடலை கொடுத்தார். "நாப்பது தலையும் நம்ம ஊட்டுத் தலைங்க சாமி" என்று முத்தாயம்மாளிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவள் பொரியை முந்தானையில் வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை. மறுநாள் சட்டை திரும்பி வந்தது. மடித்திருந்தது, துவைக்கவில்லை. ஆத்தா இருக்கும் வீட்டில் துணி துவைக்க மாட்டார்கள். மஞ்சள் வாடை அடித்தது. கொளுத்திவிடலாமா என்று அடுப்படிவரை கொண்டுபோனாள். ஆத்தா மேலே பட்ட துணியை நெருப்பில் போட யாருக்குத் தைரியம் வரும்? உத்தரத்தில் செருகிவைத்தாள். சின்னாயி வீட்டு நிலையில் வேப்பங்கொத்து திரும்ப ஏறியிருந்தது. வந்தது சின்னவள் இல்லை, பெரியம்மை என்பது நாலாம் நாள் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. எட்டாம் நாள் மாரக்காளை இடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்கூட மணி அடித்தது. முத்தாயம்மாள் பாவு விரிக்கவில்லை. தெருவில் யாருமே விரிக்கவில்லை. வீட்டுக்குள் ராசாத்தி காய்ச்சலில் பாயிலிருந்து எழவில்லை. இடுப்பு வலிக்கிறது என்று விடிகாலையில் ஒரு தடவை சொன்னாள், பிறகு தண்ணீர் கேட்டாள். முத்தாயம்மாள் தெருக்கோடி வேப்பமரத்தடிக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே காலடித் தடங்கள் இருந்தன. அண்ணாந்து பார்த்தாள். கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கிளை இல்லை. எல்லாம் ஒடித்த காயங்கள், சில காய்ந்து கறுத்தவை, சில அன்றைக்குக் காலையில் ஒடித்து இன்னும் வெளிறி ஈரம் கசிபவை. அவள் இறங்கிப்போன வலது தோளைத் தூக்கி, கால் விரல்களில் எம்பினாள்.