மூன்று வேலைக்கு ஒரே டவுசர்

"ஒரு நிறுவனத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் அது தேர்ந்தெடுக்கும் பொருளில் அடங்கியிருக்கின்றன. தவறான ஒரு திருகாணி பெருங்கப்பலையும் கவிழ்க்கும். சரியான ஒரு திருகாணி யுகங்களைத் தாங்கும்."

கொள்முதல் பிரிவின் வாசலில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தங்க நிற எழுத்தில் இந்த வாசகம் தொங்கியது. அருளியவர் அந்தப் பிரிவின் துணைத் தலைவர். எழுதியவர் அவர்தான், சட்டம் போடக் கொடுத்தவர் அவர்தான், ஆணி அடிக்கும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.

யுகங்களைத் தாங்கும் திருகாணிகளைத் தேர்ந்தெடுத்து வந்த அந்த மனிதருக்கு, ஐம்பத்து நான்காவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டவுசர் வாங்க வேண்டி வந்தது.

அலுவலகத்தில் அவரைக் கொட்டேஷன் சார் என்பார்கள். அழிரப்பர் வாங்குவதானாலும் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, கட்டம் போட்டு ஒப்பிட்டு, டிக் அடித்த பிறகுதான் கையெழுத்து. ஒருமுறை மாடியில் புகை கிளம்பி, ஒருவர் தீயணைக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, அவரை வழிமறித்து "இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டவர். ஒரு தடவை டிக் அடித்த வரியை மறுபடி திரும்பிப் பார்க்கமாட்டார். தன் டிக்கைத் தானே சந்தேகிப்பது அவர் அகராதியில் கோழைத்தனம்.

பிரிவின் தலைவர் போன மாதம் ஓய்வு பெற்றிருந்தார். காலியான நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவர் பின்கட்டுக் கிடங்கில் வருகிற பெட்டிகளைப் பிரித்து, உள்ளே இருப்பதை எண்ணி, புரட்டிப் பார்த்து, கையெழுத்துப் போடும் ஸ்டோர்ஸ் அம்மா. "அது பெட்டி பிரிக்கிற அம்மாய்யா" என்று சொல்லி, கொட்டேஷன் சார் அந்த நாற்காலிக்கு மனசுக்குள் புது உறையே தைத்துப் போட்டுவிட்டார். இதை விட்டால் ஓய்வு பெறும்வரை துணைத் தலைவர்தான்.

அப்போதுதான் புது எம்.டி.யிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. முப்பத்தெட்டு வயதுப் பெண், ஓட்டப் பந்தய ஷூவோடு அலுவலகம் வருகிறவர். இறுதித் தேர்வு கடற்கரையில், ஒரே நாளில். காலை: பலகையில் அலைச்சறுக்கு. மதியம்: மணலில் கைப்பந்து. மாலை: சகஜமான உரையாடல். உடை: பெண்களுக்கு வசதியானது, ஆண்களுக்கு ஷார்ட்ஸ்.

கொட்டேஷன் சார் அதை நின்றுகொண்டு ஒருமுறை படித்தார். உட்கார்ந்து ஒருமுறை படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். மூன்று முறையும் டவுசர் அப்படியே இருந்தது.

அவர் முட்டியை வெளியுலகம் பார்த்து நாற்பது வருஷம் ஆகிறது. சுத்தியலால் தட்டிப் பார்க்க வந்த டாக்டரிடமே "பேண்ட் மேலயே தட்டுங்க, கேக்கும்" என்று சொன்னவர்.

படியிறங்கும்போது எம்.டி. எதிரே வந்தார். "சார், நீங்க என்ன செலக்ட் பண்ணிட்டு வர்றீங்கன்னு பாக்கத்தான் நான் காத்துக்கிட்டிருக்கேன். வாங்குறதுல நீங்க புலியாமே!"

அதோடு அது டவுசர் இல்லை, பரீட்சை என்று ஆகிவிட்டது.

வீட்டில் மனைவி கையிலிருந்த கரண்டி நடுவழியில் நின்றது.

"டவுசரா? நீங்களா?"

"அபிஷியல்."

"ஏங்க, நானே உங்க முட்டியைச் சரியாப் பாத்ததில்லையே. அவங்க எதுக்குப் பாக்கணும்?"

கல்லூரியில் பூப்பந்து ஆடும் மகள் உற்சாகமாகிவிட்டாள். "அப்பா, மூணு வாங்கணும். மூணும் வேற வேற. கடலுக்குன்னா இடுப்புல எலாஸ்டிக் கூடாது, நாடாதான். இறுக்கிக் கட்டணும். துணி மெல்லிசா, ஒதறினா காயற மாதிரி. பையே இருக்கக்கூடாது. வெளையாடுறதுக்குன்னா எலாஸ்டிக், லேசா, குட்டையா. சாயங்காலம் உக்காந்து பேசுறதுக்குத்தான் காட்டன், பை, பெல்ட் எல்லாம்."

"ஒரு ஆளு, ஒரே நாளு, மூணு டவுசர்" என்றார் அப்பா, விரலை மடக்கி. "கொள்முதல் தெரிஞ்சவன் செய்யற வேலையா இது? மூணு வேலைக்கும் பொருந்துற ஒரே பொருள். அதுக்குப் பேருதான் செலக்‌ஷன்."

"கடலுக்கு அது தெரியாதுப்பா."

"தெரிய வைப்போம்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பதினோரு வரியில் கட்டம் போட்டாகிவிட்டது.

மறுநாள் விளையாட்டுச் சாமான் கடையில் மீசைக்கு மை போட்ட விற்பனையாளர் ஒருவர் சலிக்காமல் எடுத்துப் போட்டார். கொட்டேஷன் சார் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழுத்து, முகர்ந்து பார்த்தார். கடல் டவுசர் ஒன்றை எடுத்ததும் முகம் மாறியது.

"பை?"

"இதோ ஒண்ணு இருக்கு சார். சாவி வெக்க."

உள்ளே விரலை விட்டார். விரல் அடிப்பக்கமாக வெளியே வந்தது.

"ஓட்டை!"

"தண்ணி போறதுக்கு சார். தண்ணி தங்கிச்சுன்னா கனம்—"

"புதுப் பொருள்ல ஓட்டை போட்டு, அதுக்கு விளக்கம் வேறயா?" அதிர்ச்சியில் அவர் குரல் கல்லாவரை கேட்டது. இருபத்தேழு வருஷ அனுபவத்தில் இவ்வளவு துணிச்சலான குறைபாட்டை அவர் பார்த்ததில்லை. "உள்ள என்ன இது, கொசுவலை மாதிரி?"

"உள்வலை சார். இது இருந்தா உள்ள வேற எதுவும் போடத் தேவையில்லை. போட்டா ஈரத்துல உரசும்."

இது மட்டும் அவருக்குப் பிடித்தது. ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருள். காலியாக விட்டிருந்த ஏழாவது வரியில் அதை எழுதி, அழுத்தமாக டிக் அடித்தார்.

உடைமாற்றும் அறையில் மூன்று பக்கமும் கண்ணாடி. ஆறு முட்டிகள் அவரைப் பார்த்தன. பிறகு திரைக்குள்ளிருந்து குரல் வந்தது: "இதுலயே ரெண்டு சைஸ் பெருசு இருக்கா? முட்டி மறையணும்."

"இடுப்பு நிக்காது சார்."

"அதை நான் பாத்துக்கறேன்."

தெருமுனை டெய்லரிடம் அன்று மாலையே போனார். வேலைப் பட்டியல் தட்டச்சில் இருந்தது. நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் வைக்க வேண்டும். ஓட்டையை அடைக்க வேண்டும். மழைக்கோட்டுத் துணியில், சொட்டுத் தண்ணீர் கசியாதபடி, ஆழமாக ஆறு பைகள்.

டெய்லர் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே கேட்டார். "சார், இது டவுசரா, பீரோவா?"

"சொன்னதைச் செய்ங்க."

"நாடாவாச்சும் இருக்கட்டும் சார். கடல்னு சொல்றீங்க."

"ஐம்பத்து நாலு வயசுல நாலு பேர் முன்னாடி நாடா கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"அப்ப உள்ள இருக்கற வலையை வெட்டணும். அது இருந்தா ஆறு பை உக்காராது."

"பை முக்கியம். வெட்டுங்க."

ஏழாவது வரி ஏற்கெனவே டிக் ஆகியிருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடற்கரைக்கு ஸ்டோர்ஸ் அம்மா தன் மகனுடைய பழைய பேண்ட்டும், முழங்கைவரை பனியனும் போட்டு வந்தார். இடுப்பில் நாடா, அதில் இரட்டை முடிச்சு. எந்த ஒப்பீடும் செய்யாமல் வந்த கோலம் என்று கொட்டேஷன் சாருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. பரிதாபமாகக்கூட இருந்தது.

"என்னம்மா, வீட்ல கிடந்ததை மாட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?"

"ஆமா சார். நேத்து வாளித் தண்ணில முக்கிப் பாத்தேன். கழண்டு வரலை."

அவர் சிரித்துக்கொண்டார். பிறகு எம்.டி.யும், கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு ஆட்களும் சூழ நிற்க, தன் டவுசரை விளக்கினார். விளக்கவில்லை, வெளியிட்டார். முதல் பையிலிருந்து கண்ணாடிக் கூடு. இரண்டாவதிலிருந்து உறை போட்ட செல்போன். பர்ஸ், சீப்பு, பேனா ஒவ்வொன்றாக வந்தன. ஆறாவதில், பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த ஒப்பீட்டு அட்டவணை.

"அலைச்சறுக்கு, விளையாட்டு, சகஜம். மூன்றுக்கும் ஒன்று. சொட்டுத் தண்ணீர் கசியாது மேடம்."

எம்.டி. பையைத் தட்டிப் பார்த்தார். "பிரமாதம் சார்! ஊழியர் எல்லாருக்கும் இதையே கொடுத்தா என்னன்னு தோணுது. உண்மையைச் சொன்னா, நான் கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன்."

கணக்குப் பிரிவு கைதட்டியது. அலைச்சறுக்குப் பயிற்சியாளர் மட்டும் எலாஸ்டிக்கை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சார், நாடா இல்லையா?"

"முன்னேற்றம்" என்றார் கொட்டேஷன் சார்.

தண்ணீர் முட்டிக்கு வந்தது. தொடைக்கு வந்தது. பைக்கு வந்தது. சொட்டுத் தண்ணீர் கசியாத பைகள். டெய்லர் பேச்சு மாறாதவர். வெளியிலிருந்து உள்ளே கசியவில்லை. வாய் வழியாக நேராக உள்ளே போனது. போனது போனதுதான், அதுவும் கசியவில்லை. ஆறு பையும் ஆறு குடம் மாதிரி நிறைந்தன. இடுப்பில் யாரோ இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுப்பதுபோல் இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"பலகைல படுங்க சார்! அலை வருது!"

படுத்தார். அலை வந்தது. பலகை முன்னால் போனது. கொட்டேஷன் சாரும் முன்னால் போனார். டவுசர் வரவில்லை.

பலகை கவிழ்ந்தது. கரையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு தலை வெளியே வந்தது. கண்ணாடி இல்லாமல், வாய் திறந்தபடி, சுற்றுமுற்றும் எதையோ தேடியது. பிறகு தேடுவதை நிறுத்தி, கழுத்தளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றது.

"சார், வாங்க! அடுத்த அலைக்கு ரெடியாகணும்!"

"இங்கயே இருக்கேன்."

"குளிரலையா?"

"பிடிச்சிருக்கு."

"என்ன ஈடுபாடு பாருங்க!" என்றார் எம்.டி. கணக்குப் பிரிவு மறுபடியும் கைதட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் அடுத்த அலை கருநீலமாக ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து ஸ்டோர்ஸ் அம்மாவின் காலடியில் போட்டது. ஆறு பக்கமும் வீங்கி, ஏதோ கடல் பிராணி செத்துக் கிடப்பதுபோல் கிடந்தது. விற்பனைப் பிரிவு இரண்டடி பின்வாங்கியது. ஸ்டோர்ஸ் அம்மா குனிந்து தூக்கினார். கனம் தாங்காமல் இரண்டு கையாலும் தூக்கினார்.

கைதட்டியவர்களின் கைகள் சேர்ந்தபடியே நின்றுவிட்டன.

எம்.டி.தான் ஆறாவது பையில் கைவிட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் அட்டவணை பூப்போல உலர்ந்திருந்தது. அதிர்ச்சியில் மனிதர்கள் கையில் கிடைத்ததைப் படிப்பார்கள். அவரும் படித்தார், வாய்விட்டு.

"ஒன்று, முட்டி மறையும் நீளம், உண்டு. இரண்டு, கறை தெரியாத நிறம், உண்டு. மூன்று, பைகள்..." குரல் இயந்திரம்போல் போய்க்கொண்டிருந்தது. "ஏழு. உள்வலை, உண்டு. ஆகவே உள்ளாடை அணியத் தேவையில்லை. சரிபார்க்கப்பட்டது."

ஸ்டோர்ஸ் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. வந்த சரக்கு எதுவானாலும் புரட்டிப் பார்த்தே பழகியவர். டவுசரை உள்ளும் புறமும் திருப்பினார். தையல் ஓரமாக வெட்டிய வலையின் பிசிறு மட்டும் இருந்தது.

"மேடம்" என்றார் தயங்கி. "வந்த சரக்குல வலை இல்லை."

எல்லோரும் மெதுவாகக் கடலைப் பார்த்தார்கள். தலை கொஞ்சம் தாழ்ந்து, மூக்குவரை தண்ணீரில் இறங்கியது.

"நம்ம கம்பெனில," என்றார் எம்.டி., அட்டவணையை மடித்தபடி, "இது மாதிரி டிக் அடிச்சு வாங்கினது வேற எவ்வளவு இருக்கும்?"

"நான் திருப்பி அனுப்பினது போக மீதிதான் மேடம்" என்றார் ஸ்டோர்ஸ் அம்மா. குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குச் சொன்னார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து வாங்குறதுக்கு முன்னாடியே நீங்க பாத்துடுங்க. மேல வந்து அந்த நாற்காலில உக்காந்து பாருங்க."

விஷயம் அவ்வளவுதான். இருபத்தேழு வருஷம் காத்திருந்த நாற்காலி, நாற்பதடி தூரத்தில், காதில் தண்ணீர் புகுந்த ஒருவருக்குக் கேட்காமலே கைமாறிவிட்டது. ஆனால் எம்.டி. ஸ்டோர்ஸ் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கியது தெரிந்தது. கண்ணாடி இல்லாமலும் அது தெரிந்தது.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மணலில் கிளிஞ்சல் பொறுக்கத் திரும்பிக்கொண்டார்கள். பயிற்சியாளர் பலகைமேல் வேறொரு டவுசரை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். மஞ்சள் நிறம், குட்டை, முட்டிக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிடுவது. பின்பக்கம் பெரிய எழுத்தில் 'வாடகை' என்று இருந்தது. தண்ணீருக்குள் நின்றபடி அதை மாட்டுவதற்குள் கொட்டேஷன் சார் நாலு முறை முழுகி எழுந்தார். இரண்டு காலும் ஒரே துளைக்குள் போய், மறுபடி வெளியே வந்து, ஒருவழியாக இடுப்பை முஷ்டியால் பிடித்துக்கொண்டு கரையேறினார். வெயில் முட்டிமேல் பளீரென்று விழுந்தது. யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுதான் அன்றைய பெரிய அதிர்ச்சி.

"நாடாவைக் கட்டுங்க சார், கையை விட்டா நிக்காது" என்றார் பயிற்சியாளர்.

கொட்டேஷன் சார் நாடாவின் இரு முனைகளையும் எடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார். இழுத்தார். அவிழ்ந்தது. மறுபடி போட்டார். அவிழ்ந்தது.

பயிற்சியாளர் மண்டியிட்டுக் கட்டிவிட்டார்.