ராணிக்கு வைத்த தங்கப் புள்ளி

பூச்சி ஆய்வக இயக்குநரின் அறை வாசலில் ஒரு மரப் பலகை தொங்கியது. பட்டங்களே நாலு வரி. பெயர் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தது. பலகைக்கு நேர் மேலே, கூரை விளிம்பில், குளவிகள் காகிதக் கூடு கட்டியிருந்தன.

"நாளைக்கு மேலதிகாரி வர்றாங்க. இத இன்னிக்கே எரிச்சிடுங்க" என்றார் இயக்குநர்.

அந்தக் கூட்டை ஆராய்ந்துகொண்டிருந்தவள் குறுக்கே வந்து நின்றாள். அங்கே அவளுக்குக் 'குளவி அக்கா' என்றே பெயர். ஒவ்வொரு குளவியின் முதுகிலும் வண்ணப் புள்ளி வைத்து, எதற்கு எது அடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூடு போனால் ஆய்வும் போச்சு.

"சார், இதுலயும் ஒரு தலைமை இருக்கு. உங்கள மாதிரியே" என்றாள் காரியமாக.

இயக்குநரின் மீசை விரிந்தது. "எதும்மா ராணி?"

"அதோ, மூலையில சும்மா உக்காந்திருக்கே..."

"போம்மா! எல்லாத்தையும் முட்டி விரட்டுது பாரு, இதுதான். தலைமைன்னா எனக்குத் தெரியாதா? இதுக்குத் தங்கப் புள்ளி வை. நாளைக்கு நானே விளக்குறேன்."

கூடு பிழைத்தது. அவர் காட்டிய குளவிக்கே அவள் தங்கப் புள்ளி வைத்தாள்.

மறுநாள் மேலதிகாரி அம்மாள் அண்ணாந்து பார்க்க, இயக்குநர் முழங்கினார். "ராணி கூட்டை விட்டு நகராது, மேடம். மத்ததுங்க ஓடியாடி உழைக்கும்."

தங்கப் புள்ளி ஜம்மென்று பறந்து வந்து பெயர்ப் பலகையில் உட்கார்ந்தது. மூன்றாவது பட்டத்தைச் சுரண்டி, மென்று, உருட்டியது.

"என்னங்க, ராணியே கூலி வேலைக்குக் கெளம்பிட்டாங்க?"

"மரத்தச் சுரண்டி எச்சில் கலந்தாதான் கூட்டுக்குக் காகிதம் கெடைக்கும், மேடம்" என்றாள் அக்கா.

இயக்குநருக்கு வேர்த்தது. "அது வந்து... எங்க ஆய்வகத்துல அப்படித்தான். தலைமைன்னா மொதல்ல எறங்கி வேலை செய்யணும்."

"அருமை! அப்போ கூடு இங்கேயே இருக்கட்டும். அடுத்த தடவை நீங்க புள்ளி வைக்கிறதையும் பாக்கணும்."

கார் போனதும் அவர் தணிந்த குரலில் கேட்டார். "நெஜ ராணி அந்த மூலையில இருக்கறதுதானா?"

"ஆமா சார்."

"அதட்டவே இல்லையேம்மா?"

"அதோட வாசனையே போதும். மத்ததுங்களுக்குத் தெரியும்."

அடுத்த நாள் காலையில் இயக்குநர், புள்ளி வைக்கப் பழக, கையில் தூரிகையோடு ஏணியில் நின்றார். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொட்டுமாம்மா?"

"சத்தம் போட்டு, கைய ஆட்டினா கொட்டும் சார்."

அன்று முழுக்க அவர் கிசுகிசுவென்றே பேசினார். அலுவலகத்தில் யாருக்கும் அது பழக்கமில்லை. ஆனாலும் எல்லா வேலையும் நடந்தது.