காற்றுக்குச் சாய்ந்த பயில்வான்

இதில் வருவது அத்தனையும் சத்தியம். ஒரு சொல் கூடுதலாக இருந்தாலும் எழுதிய கை விளங்காமல் போகட்டும். சந்தேகப்படுகிறவர்கள் பாபநாசத்துக்குக் கிழக்கே ஆலங்கரைக்குப் போய்க் குத்தகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொள்ளலாம்; சர்வே நம்பர் 212.

சிங்காரவேலுவின் மார்பு, வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோன நாட்களில் மட்டுமே அகலமானது. அவன் அப்பா பஞ்சநதம் ஒருநாள் விடாமல் ஆயிரம் தண்டால் எடுத்துத் தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் ஏர் மேழிக்குக் கை எட்டாத உயரத்துக்குக் குள்ளமாகிச் செத்துப்போனவர். மகன் வேறு வழி கண்டான். முறை வைத்து ஆறு நாள் தண்ணீர் விட்டால் ஆறு நாளும் கர்லாக்கட்டை சுற்றுவான். நிறுத்திய ஆறு நாளும் கட்டையைத் தொடமாட்டான். பயிருக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டுமென்றால் உடம்புக்கு வேண்டாமா? காயும் நாட்களில் அவன் மனைவி தங்கம்மாள் காலையில் சணல் கயிற்றால் அவன் மார்பை அளப்பாள். அரை விரற்கடை கூடியிருக்கும். உலை வைக்கப் போய்விடுவாள்.

குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டுமென்று சர்க்கார் சட்டம் போட்ட மறுவருஷம், மிராசுதார் ரெங்கசாமி, சிங்காரவேலு உழுத ஆறு மா நிலத்தையும் தம் அண்ணன் மகன் இராஜாங்கம்தான் உழுவதாக மனுக் கொடுத்தார். இராஜாங்கம் மேழியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. தாசில்தார் இரண்டு தரப்பையும் விசாரித்துச் சலித்து, "ஐப்பசி பத்தாம் தேதி வரேன். நான் எழுதி முடிக்கிறவரைக்கும் எவன் வயல்ல நிக்கிறானோ அவன் பேருதான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மிராசுதார் வீட்டில் இராஜாங்கம் காலை, மாலை, ஞாயிறு உட்பட இரும்பு தூக்கினான். போதாதென்று வாரம் இரண்டு சீமை ஊசி. மூன்றாம் ஊசியில் சட்டை கிழிந்தது. ஐந்தாவதில் நிலைப்படியைப் பெயர்த்து வாசலை அகலமாக்கினார்கள். ஏழாவதில் உடம்பு கரும்பச்சையாகி, அக்குளில் புகையான் பூச்சி அடைந்தது. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் உரம் போட்ட புதுரக நெல்லுக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது.

ஐப்பசி பத்து, தண்ணீர் நிறுத்திய மூன்றாம் நாள். "என்னடா, மூணு நாளா படுத்தே கிடக்கிறியாம்? எங்க ராஜாங்கம் இன்னிக்குக் காலையிலகூடத் தூக்கிட்டு வந்திருக்கான்" என்றார் மிராசுதார்.

"காயப் போட்டிருக்கேங்க" என்ற சிங்காரவேலு, நடவுக்குச் சேறாக்கியிருந்த வயலில் இறங்கி நின்றான்.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். இராஜாங்கமும் வயலில் இறங்கி அவனைத் தள்ளினான். சிங்காரவேலு அசையவில்லை. நான்கெல்லையும் எழுதியாயிற்று, பெயர்தான் பாக்கி. அப்போது வடகிழக்கிலிருந்து ஒரு காற்று, வேட்டி நுனியை அசைக்கிற அளவுக்குத்தான், வந்தது. இராஜாங்கம் தென்மேற்காகச் சாய்ந்தான். தூக்கி நிறுத்தினார்கள். மறுபடி சாய்ந்தான்.

"யூரியா தூக்கலாப் போயிடுச்சுங்க" என்றாள் வரப்பிலிருந்து தங்கம்மாள். "நாலு நாலா சேத்துக் கட்டுங்க, நிக்கும்."

சாய்ந்த பயிருக்கு எல்லோரும் செய்வது அதுதான். நாற்பது வருஷம் வயல் பார்த்த மிராசுதாருக்கும் அது நியாயமாகப் பட்டது. தம் ஆட்கள் மூன்று பேரை நிறுத்தி, வைக்கோல் பிரியால் அவனோடு சேர்த்துக் கட்டினார். நால்வரும் சாய்ந்தார்கள்.

தாசில்தார் சிங்காரவேலு பெயரை எழுதிவிட்டுக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார். அவனால் வர முடியவில்லை. குதிகாலில் வெள்ளை வேர் இறங்கியிருந்தது. மண்ணோடு பெயர்த்துத்தான் கரையேற்றினார்கள். குறிப்புக் கலத்தில் 'வேர் நன்று' என்று எழுதி முத்திரை குத்தப்பட்டது.

இராஜாங்கம் தை மாதத்துக்குள் வெளிறித் தேறி, பாபநாசத்தில் சைக்கிள் கடை வைத்தான். ஆடிக் காற்றில் மட்டும் கடை திறக்கமாட்டான். பிறகு ஜிம்கள் வந்தன, பவுடர் டப்பாக்கள் வந்தன, புதுப்புது ஊசிகள் வந்தன. ஐப்பசியில் கும்பகோணம் ரோட்டோரம் இளவட்டங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தால் பஸ் சற்று ஒதுங்கிப் போகும். யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. சிங்காரவேலு எழுபத்தெட்டு வயது வரை அந்த ஆறு மாவை உழுதான், கட்டையைப் பாதி நாள்தான் தொட்டான்.

ஆலங்கரைக் கிராமத்தில் சர்வே நம்பர்கள் மொத்தம் இருநூற்றுப் பதினொன்று.