பழைய அளவு

"ஏன்க்கா, இப்பல்லாம் தரையில எதையோ தேடுற மாதிரியே நடக்குற?" என்று தங்கை ஒருமுறை கேட்டாள். நீ சிந்துகிற ஊசியெல்லாம் என் காலில்தானே ஏறுகிறது என்று அக்கா சமாளித்தாள். சிரிப்போடு பேச்சு போய்விட்டது.

அக்காவுக்குத் தலையணைப் பட்டறையில் பஞ்சு அடைக்கும் வேலை. தூசியில் இழுப்பு வந்தது. சில நாட்களுக்கென்று எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை அதைச் சட்டென்று அடக்கவே, பழைய சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்கிப் போட்டாள். முகம் உப்பியது. அடைக்கிற பஞ்சை இவளே தின்கிறாள் என்று பட்டறையில் கேலி செய்தார்கள்.

மழைக்காலத்தில் முதுகுவலி பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். முதுகெலும்பு நசுங்கியிருந்தது. அந்த மாத்திரை புது எலும்பு வளர்வதைத் தடுக்கும், கால்சியத்தைக் குடல் சரியாக எடுக்கவிடாது, சிறுநீரிலும் கொட்டவிடும் என்றார் டாக்டர். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் கழுத்திலுள்ள குட்டிச் சுரப்பிகள் சும்மா இருக்காதாம். அவற்றின் ஹார்மோன் எலும்பைக் கரைத்து ஈடுகட்டுமாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, மெல்லத்தான் குறைக்க வேண்டும் என்றவர், வீட்டில் துணைக்கு யார் என்று கேட்டார். தங்கை இருக்கிறாள் என்றாள்.

தங்கைக்கு வெளியூர்த் தையல்கடையில் துணி வெட்டும் வேலை கிடைத்திருந்தது. சொன்னால் போகமாட்டாள். அக்கா சொல்லவில்லை.

புறப்படுமுன் தங்கை அவளுக்கு ஒரு கவுன் தைத்தாள். வீட்டு ஆளுக்கு அவள் டேப் பிடிப்பதில்லை. பழைய கவுனை விரித்து அதன்மேலேயே அளவு வைத்து வெட்டுவாள். அக்கா போட்டுப் பார்த்தாள். அது தரையைப் பெருக்கியது.

தங்கைக்கு முகம் விழுந்துவிட்டது. "வீட்டுலயே இப்படி வெட்டுறேன். அங்க போய் யார் துணியைக் கெடுக்க? நான் போகலக்கா."

தான் பேசாமல் இருந்தால் போதும், தங்கை போகாமல் இருந்துவிடுவாள். அந்த நினைப்பு அக்காவுக்கு ஒரு நிமிடம் இனிக்கத்தான் செய்தது.

"உன் கை சரியாத்தான் இருக்கு. நான்தான் குட்டையாயிட்டேன்" என்றாள். மீதியையும் சொன்னாள்.

தங்கை டேப்பை எடுத்துத் தோளிலிருந்து கணுக்கால்வரை பிடித்துப் பார்த்தாள். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். மழைக்காலத்திலிருந்து என்றாள் அக்கா.

"ஒரே வீட்டுல இருந்தும் நான் வெளியாளாத்தான் இருந்திருக்கேன். அப்போ எங்க இருந்தா என்ன?"

அவள் கவுனைக் கையில் வாங்கினாள். கீழ் ஓரத்தைப் பிரித்து, மடித்துத் தைத்தாள்.

காலையில் கவுன் கட்டிலில் மடித்துக் கிடந்தது. அக்கா அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கணுக்காலில் கச்சிதமாக நின்றது. தங்கை ஓரத்தை ஒருமுறை பார்த்தாள், பையைத் தோளில் மாட்டினாள், ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள்.